மாணவர் நலநாள்: மேடை போடாமல் ஒரு நாளை எப்படி நடத்துவது?

கால்வாய்க்கரை டீச்சர் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். சேரன்மகாதேவிப் பக்கம், கன்னடியன் கால்வாய் ஓரத்து ஊர் ஒன்றில் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு நடத்துகிறேன். ஆறு முதல் பத்து வரை 230 பிள்ளைகள், பதினோரு ஆசிரியர்கள். அக்டோபர் 10 உலக மனநல நாளை ஒட்டி ஒரு முழு நாளை மாணவர் நலநாளாக நடத்த வேண்டும் என்று தலைமை ஆசிரியர் சொல்லியிருக்கிறார். பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். காரணம், சென்ற ஆண்டு நடந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

சென்ற ஆண்டு பந்தல் போட்டோம், மைக் செட் வைத்தோம், பொன்னாடை வாங்கினோம். பத்து மணிக்குத் தொடங்க வேண்டிய விழா, விருந்தினர் வந்து சேர்ந்தபோது பதினொன்றேகால். பந்தலின் நிழல் மேடைக்கும் முன்வரிசைக்கும்தான் எட்டியது. மற்ற பிள்ளைகள் வெயிலில் மணல்மீது உட்கார்ந்திருந்தார்கள். மன அழுத்தத்தை வெல்வது எப்படி என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் பேச்சு நடந்தது. பேச்சு முடியும் முன்பே ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி மயங்கிச் சரிந்தாள். சத்துணவுக் கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சமையல் செய்யும் அக்கா உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுத்தபடி, "காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்டார். ஒன்றும் சாப்பிடவில்லை. அரசின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஆறாம் வகுப்புக்கு வந்த பிள்ளைக்கும் அதே பசிதான்.

இன்னொரு பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்போது ஒன்பதாம் வகுப்பு, இப்போது பத்து. முதல் பீரியடில் எப்போதும் தூங்கி விழுவாள். இரண்டு முறை எழுப்பி நிற்க வைத்தேன். அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. மூன்றாம் முறை நோட்டை வாங்கக் கை நீட்டியபோதுதான் அவள் விரலைப் பார்த்தேன். ஆள்காட்டி விரலின் நுனி காய்த்துப்போய், நகத்தோரம் நூல் அறுத்த மெல்லிய கோடுகள். நோட்டின் தாள்களில் புகையிலைத் தூள் வாசனை. அம்மா பீடி சுற்றுகிறார். நாளொன்றுக்கு ஆயிரம் கொடுக்க வேண்டும். பீடியின் வாயை மடக்குவதும் கட்டுக் கட்டுவதும் இவள் வேலை. படுக்கும்போது இரவு பதினொன்றரை ஆகிவிடுகிறது. விழா முடிந்து, இன்று உனக்குப் பிடித்தது எது என்று எழுதித் தரச் சொன்னோம். அவள் எழுதியிருந்தாள்: "பேச்சு நடந்தபோது தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து தூங்கினேன். நன்றாக இருந்தது."

அந்தத் தாள் இன்னும் என் மேசையறையில் இருக்கிறது. பதின்வயதுப் பிள்ளைக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் உறக்கம் வேண்டும் என்கிறார்கள். அவளுக்குக் கிடைப்பது ஆறு.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பொங்கி வந்தபோது அவன் வீட்டுக்குள் இடுப்பளவுத் தண்ணீர். புத்தகம், சான்றிதழ், கோழிகள் எல்லாம் போயின. இன்றைக்கும் வகுப்பு ஓட்டின்மேல் மழை விழும் சத்தம் கேட்டால், பாடம் நடந்துகொண்டிருந்தாலும் எழுந்து தன் பையைச் சன்னல் கம்பியில் மாட்டிவிட்டு வந்துதான் உட்காருவான். மற்றவர்கள் சிரிப்பார்கள்.

நான் நினைப்பது இதுதான். நலம் என்று பேர் வைத்து நடத்தும் நாளில் பிள்ளைகள் சாப்பிட வேண்டும், நிழலில் இருக்க வேண்டும், வேண்டியவர்கள் தூங்க வேண்டும், சொல்ல நினைப்பதைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். கையில் 3,000 ரூபாய் இருக்கிறது. இரண்டு வேம்பு, ஒரு புங்கை, ஐந்து வகுப்பறை. ஆலோசகர் என்று தனியாக யாரும் கிடையாது. பிள்ளைகள் மனம் திறந்து ஏதாவது சொல்லிவிட்டால் அதை எப்படித் தாங்குவது, யாரிடம் கொண்டுபோவது என்பதுதான் என் பெரிய பயம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

பழைய ஹெச்.எம்., பாளையங்கோட்டை:

அம்மா, நீங்கள் நினைப்பது சரியான வழி. முப்பத்தொரு ஆண்டு பணியில் எத்தனையோ விழா நடத்தியிருக்கிறேன். வந்த விருந்தினர் பெயரை எந்தப் பிள்ளையும் மறுநாள் நினைவில் வைத்திருந்ததில்லை.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். "பத்துப் பத்துப் பேராகச் சேர்ந்து நில்லுங்கள்" என்று பிள்ளைகளிடமே விட்டுவிடாதீர்கள். தெற்கே ஒரு பள்ளியில் நான் அப்படித்தான் சொன்னேன். இரண்டே நிமிடத்தில் குழுக்கள் அமைந்துவிட்டன. உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு குழுவின் மணிக்கட்டிலும் ஒரே நிறத்தில் கயிறு, சாதிக்கு ஒரு நிறம். பதின்மூன்று வயதுப் பிள்ளைகள். அன்று எனக்குக் கை கால் ஓடவில்லை. விளையாட்டை நிறுத்திவிட்டு எல்லோரையும் வகுப்புக்கு அனுப்பினேன். அது கோழைத்தனம் என்று பிறகு உணர்ந்தேன்.

நம் மாவட்டத்தில் மாணவர் நலம் என்று பேசத் தொடங்கினால் இதைத் தொடாமல் பேச முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவன் வீட்டுக்குள் வெட்டப்பட்டான். வெட்டியவர்களும் பள்ளிப் பிள்ளைகளே. அதன்பிறகுதான் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தார்கள். 2024 ஜூனில் அவர் கொடுத்த அறிக்கையில் வண்ணக் கயிறு கூடாது, வகுப்பில் அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. சின்ன விஷயம்போலத் தெரியும். ஒரு பிள்ளை யார் பக்கத்தில் உட்காருகிறான் என்பதில் அவன் நாள் முழுவதும் அடங்கியிருக்கிறது.

பிறந்த மாதத்தை வைத்துப் பிரியுங்கள். தமிழ் மாதமாகவே சொல்லுங்கள். ஆனிக்காரர்கள் ஒரு மரத்தடி, ஆவணிக்காரர்கள் ஒரு மரத்தடி. ஆறாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் கலந்து வரும். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கினால் முகமே மாறிவிடும். சிலர் முறைப்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள்.

அன்று எந்த ஆசிரியர் கையிலும் பிரம்பு வேண்டாம், மதிப்பெண் பதிவேடும் வேண்டாம்.

---

முக்கூடல் அம்மா:

டீச்சர், நான் பீடி சுற்றுகிறவள். பதினேழு வருடமாகச் சொளவும் கையுமாக இருக்கிறேன். ஒரு வேண்டுகோள். அந்தப் பிள்ளையின் அம்மாவை வரச்சொல்லி எல்லோர் முன்னாலும் கேட்டுவிடாதீர்கள்.

இந்த வேலை எப்படி என்று சொல்கிறேன். இலையை முதல்நாளே நனைத்துச் சாக்கில் சுற்றி வைக்க வேண்டும். விடிந்ததும் அளவுத்தகடு வைத்து வெட்ட வேண்டும். இலை மோசமாக இருந்தால் பாதி கிழிந்துபோகும். ஆனால் எண்ணிக்கை குறையக் கூடாது, குறைந்தால் நாங்கள் கைக்காசு போட்டு இலை வாங்க வேண்டும். கொண்டுபோய்க் கொடுத்தால் கட்டைப் பிரித்துப் பார்த்து, இது தளர்ச்சி, இது மெலிவு என்று ஒதுக்கிவிடுவார்கள். ஒதுக்கியதற்குக் கூலி கிடையாது. நடுவில் சமையல், தண்ணீர் பிடிக்க, மாமியாருக்கு மருந்து. எந்த அம்மாவும் பிள்ளையின் தூக்கத்தைக் கெடுக்க ஆசைப்பட்டு மடக்க உட்கார வைப்பதில்லை.

என் மூத்தவள் பத்தாம் வகுப்பு படிக்கும்போது அவளுடைய வகுப்பு டீச்சர் வீட்டுக்கு வந்தார். திண்ணையில் உட்கார்ந்தார். ஒன்றும் புத்தி சொல்லவில்லை. நான் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அக்கா, எனக்கு ஒன்று சுற்றக் கற்றுக்கொடுங்கள்" என்றார். இலை மூன்று முறை கிழிந்தது. சிரித்துவிட்டோம். போகும்போது, "அவளை மட்டும் பத்து மணிக்குப் படுக்க விடுங்கள், போதும்" என்றார். அந்த வருடம் ஆயிரத்தை எழுநூறாகக் குறைத்துக்கொண்டேன். கஷ்டமாகத்தான் இருந்தது. அந்த டீச்சர் சொல்லை என்னால் தட்ட முடியவில்லை. இப்போது அவள் நர்சிங் படிக்கிறாள்.

அம்மாக்களையும் ஒரு மணி நேரம் கூப்பிடுங்கள். டீ கொடுங்கள். நாற்காலி போடுங்கள், தரையில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போனவர்கள் நாங்கள்.

---

மருத்துவமனைச் செவிலியர்:

அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் வேலை பார்க்கிறேன். டீச்சர் கடைசியாகக் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், அதுதான் முக்கியம்.

பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து "உன் கஷ்டத்தைச் சொல்" என்று கேட்காதீர்கள். ஒரு பிள்ளை அழுதுவிட்டால் மறுநாள் அதையே வைத்துக் கேலி நடக்கும். எழுதிப்போடப் பெட்டி வையுங்கள். பள்ளிகளில் மாணவர் மனசுப் பெட்டி இருக்கிறதே, உங்கள் பள்ளியில் அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தலைமை ஆசிரியர் அறை வாசலில் இருந்தால் யாரும் போட மாட்டார்கள். குடிநீர்க் குழாய்க்குப் போகும் வழியில் மாற்றுங்கள்.

தனியாக வந்து பேசும் பிள்ளையிடம், "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். நல்ல மனதோடு ஆசிரியர்கள் செய்யும் தவறு இது. பாலியல் துன்புறுத்தல் பற்றித் தெரியவந்தால் 2012 போக்சோ சட்டப்படி நீங்கள் தெரிவித்தே ஆக வேண்டும். "உனக்கு உதவக்கூடியவர்களிடம் மட்டும்தான் சொல்வேன், சொல்வதற்கு முன் உன்னிடம் சொல்லிவிடுவேன்" என்று சொல்லுங்கள். அது உண்மை, பிள்ளைக்கும் புரியும்.

எண்களைப் பெரிய எழுத்தில் எழுதிக் கழிப்பறைக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். அங்கேதான் தனியாக நின்று படிப்பார்கள். 1098 குழந்தைகளுக்கான உதவி எண். 14416 மனநல ஆலோசனைக்கான டெலிமானஸ், இரவும் பகலும் எடுப்பார்கள். 14417 பள்ளிக்கல்விக்கான உதவி எண். நலநாளுக்கு ஒரு வாரம் முன்பே மாவட்ட மனநலத் திட்டக் குழுவிடம் தலைமை ஆசிரியர் மூலம் பேசிவிடுங்கள். அப்போதுதான் ஏதாவது வந்தால் மறுநாளே அனுப்ப ஆள் இருக்கும்.

மழைக்குப் பையை மாட்டும் பையனைத் தடுக்காதீர்கள். ஆறு வீட்டுக்குள் வந்ததைப் பார்த்த பிள்ளை அவன். உயரத்தில் ஒரு பலகை அடித்து, மழை வந்தால் வகுப்பின் பைகளை ஏற்றும் பொறுப்பை அவனிடமே கொடுத்துப் பாருங்கள். சத்தம் கேட்டாலே தூக்கம் போகிறது, சோறு இறங்கவில்லை என்று இருந்தால் எங்களிடம் கூட்டிவாருங்கள்.

---

விளையாட்டு ஆசிரியை:

ஒன்று மட்டும். ஒரு மணி நேரம் மைதானம் முழுவதையும் பெண்பிள்ளைகளுக்குக் கொடுங்கள். பல பள்ளிகளில் பையன்கள் கபடி ஆடிக்கொண்டிருப்பார்கள், பெண்கள் சுவரோரம் நின்று பார்ப்பார்கள். எட்டாம் வகுப்புக்கு மேல் ஓடுவதையே விட்டுவிடுகிறார்கள். எறிபந்தும் கோகோவும் போதும். அன்றைக்கு நாப்கின் கைவசம் இருக்கட்டும், பெண்கள் கழிப்பறைத் தாழ்ப்பாளையும் பார்த்துவிடுங்கள்.

---

கால்வாய்க்கரை டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. நலநாள் முடிந்து எட்டு நாள் ஆகிவிட்டது. நடந்ததை எழுதுகிறேன், குறை நிறையோடு.

காலை ஒன்பதரைக்கு எல்லோருக்கும் சுண்டல். எட்டுக் கிலோ கொண்டைக்கடலையை முதல்நாள் இரவே சமையல் அக்கா ஊறப்போட்டுவிட்டார். ஒரு மாணவனின் தாத்தா தன் தோட்டத்திலிருந்து கோழிக்கூடு வாழைத்தார் மூன்றை வண்டியில் ஏற்றிவந்து இறக்கினார். மேடை போடவில்லை. தலைமை ஆசிரியர் மூன்று நிமிடம் பேசிவிட்டுத் தானும் சுண்டலை வாங்கிக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். அவரை அப்படிப் பார்த்ததே பிள்ளைகளுக்குப் புதிது.

மாதம் பார்த்துப் பிரித்தோம். ஹெச்.எம். ஐயா சொன்னதுபோலவே முறைப்பு வந்தது. கார்த்திகைக் குழுவில் பத்தாம் வகுப்புப் பையன்கள் இருவர் உட்கார மறுத்து நின்றார்கள். நானும் பக்கத்தில் நின்றுகொண்டேன். இருபது நிமிடம் போயிருக்கும். ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவன், "அண்ணன், பல்லாங்குழிக்கு ஒரு ஆள் குறைகிறது" என்று கூப்பிட்டான். ஒருவன் போய் உட்கார்ந்தான். மற்றவன் கடைசிவரை உட்காரவில்லை. அவனோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன்.

ஆறாம் வகுப்பறையைத் தூங்கும் அறை ஆக்கினோம். பத்தமடையிலிருந்து பிள்ளைகளே கோரைப்பாய் கொண்டுவந்தார்கள். சன்னலில் என் பழைய சேலையைக் கட்டினேன். யாரும் வர மாட்டார்கள், வெட்கப்படுவார்கள் என்று சக ஆசிரியர்கள் சொன்னார்கள். பத்தொன்பது பேர் வந்தார்கள். அந்தப் பெண்ணும் வந்தாள். பைக்குள் கையை வைத்து, சுவரைப் பார்த்துப் படுத்தாள். மதிய உணவு மணி அடித்தபோது எல்லோரும் எழுந்தார்கள், அவள் எழவில்லை. சோற்றை மூடி வைக்கச் சொன்னேன். இரண்டேகாலுக்கு எழுந்து வந்தாள். கன்னத்தில் பாயின் கோடு பதிந்திருந்தது. "டீச்சர், திட்டவில்லையா?" என்று கேட்டாள். எனக்குப் பேச வரவில்லை, தட்டை எடுத்துக் கொடுத்தேன்.

பெட்டியில் நாற்பத்தொரு சீட்டு விழுந்தது. பாதிக்கு மேல் கழிப்பறைத் தாழ்ப்பாள், குழாயில் தண்ணீர் வராதது, ஒரு குறிப்பிட்ட பஸ் நிற்காமல் போவது பற்றித்தான். ஒரு சீட்டுக்காக அன்று மாலையே 1098ஐ அழைத்தோம். அதைப் பற்றி இதற்குமேல் எழுத மாட்டேன். செவிலியர் சொன்ன அந்த ஒரு வாக்கியம் இல்லாமல் போயிருந்தால் நான் தவறாகப் பேசியிருப்பேன்.

மைதானத்தைப் பெண்களுக்குக் கொடுத்தோம். எறிபந்து வெயில் இறங்கும்வரை நடந்தது.

அம்மாக்கள் கூட்டம் சரியாக அமையவில்லை. நாற்காலி அறுபது போட்டோம், வந்தவர்கள் பதினான்கு பேர். அந்தப் பெண்ணின் அம்மா வரவில்லை. முக்கூடல் அக்கா சொன்னது நினைவுக்கு வர, மறுநாள் நானே வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்தேன். கூட்டம் வைத்த நேரம் பீடிக்கடையில் கணக்குக் கொடுக்கும் நேரம் என்று அப்போதுதான் தெரிந்தது. தூக்கத்தைப் பற்றிப் பேசினோம். "பார்க்கிறேன் டீச்சர்" என்று மட்டும் சொன்னார். நான் வற்புறுத்தவில்லை.

மீதி 340 ரூபாயில் தாழ்ப்பாள் இரண்டு வாங்கி மாட்டியாகிவிட்டது. ஒன்பதாம் வகுப்பில் பலகை அடித்தோம். நேற்று மதியம் மழை பிடித்தது. அவன் எழுந்து என்னைப் பார்த்தான், தலையசைத்தேன். வரிசையாகப் பைகளை வாங்கி ஏற்றினான். முப்பத்தெட்டுப் பை. யாரும் சிரிக்கவில்லை. கடைசிப் பையை ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து கணக்கைப் போட்டான்.

முக்கூடல் அக்கா, கூட்டத்தை எந்த நாள் வைத்தால் உங்களைப் போன்றவர்கள் வர முடியும்?

---

முக்கூடல் அம்மா:

எங்கள் பக்கம் ஞாயிற்றுக்கிழமை பீடிக்கடை கிடையாது, டீச்சர். ஞாயிறு மாலை நான்கு மணிக்கு வையுங்கள். அந்த அம்மாவிடம் நானே பேசுகிறேன். சேரன்மகாதேவிவரை பஸ்ஸில் வந்துவிடுவேன். அங்கிருந்து வழி மட்டும் சொல்லுங்கள்.